மெஹர் சிங் எத்தனை விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார்?

கேள்வி இது: "இரண்டாம் உலகப் போரில் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் பதக்கம், அடுத்து 1947-48 காஷ்மீர்ப் போரில் மகா வீர் சக்ரா என்று இரண்டு போர்களில் பெரிய பதக்கங்கள் வாங்கிய ஏர் கமடோர் மெஹர் சிங் எத்தனை எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார்? அவருடைய பணிக்காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?"

முதல் பாதிக்குப் பதில் ரொம்பச் சுருக்கம். ஒன்றுகூட இல்லை.

பதக்கம் வாங்கிய விமானி என்றதும் வானத்தில் துரத்தல், இயந்திரத் துப்பாக்கி, புகை விட்டுக்கொண்டு விழும் எதிரி விமானம் என்று ஒரு படம் மனதில் ஓடும். அதில் தவறில்லை, அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். மெஹர் சிங்கின் வாழ்க்கை வேறு மாதிரி. முதல் போரில் அவருடைய வேலை, பார்த்துவிட்டு உயிரோடு திரும்பி வந்து சொல்வது. இரண்டாவது போரில் ஆட்டா மூட்டையும் பீரங்கியும் ஏற்றிக்கொண்டு, யாரும் இறங்கத் துணியாத இடத்தில் இறங்குவது. இரண்டுமே சண்டையைத் தேடிப் போகும் வேலையல்ல. ஆனாலும் அந்த இரண்டு போர்களின் போக்கிலும் அவருடைய கை இருக்கிறது. சகாக்கள் அவரை 'பாபா' என்று கூப்பிட்டார்கள். இன்றைக்கும் விமானப்படையில் 'மெஹர் பாபா' என்றால்தான் சட்டென்று புரியும்.

பிறந்தது 1915 மார்ச் 20, பஞ்சாபின் லயால்பூர்ப் பக்கம். இன்று அந்த நகரத்தின் பெயர் ஃபைசலாபாத், பாகிஸ்தானில் இருக்கிறது. இந்திய விமானப்படை 1932 அக்டோபரில் காகிதத்தில் பிறந்து, 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சி ட்ரிக் ரோடில் ஒரே ஒரு ஸ்குவாட்ரனாக, அதாவது விமானப் படைப்பிரிவாக, எழுந்தது. மொத்தச் சொத்து நான்கு வாப்பிட்டி விமானங்கள். விமானிகள் ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவர் சுப்ரோதோ முகர்ஜி. பிற்பாடு விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி ஆனவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டகோட்டா என்ற போக்குவரத்து விமானம் ஒன்றில் இவர் திரும்ப வருவார். மெஹர் சிங் 1934இல் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்குப் போய், 1936இல் அதிகாரியாகி, அதே முதலாவது ஸ்குவாட்ரனில் வந்து சேர்ந்தார்.

வாப்பிட்டி பற்றி ஒரு வார்த்தை. இரட்டை இறக்கை, திறந்த காக்பிட், ஒற்றை இன்ஜின். முதல் உலகப் போர்க்காலத்து விமானம் ஒன்றின் மிச்ச உதிரி பாகங்களை வீணாக்கக் கூடாது என்று சிக்கனமாக வடிவமைக்கப்பட்டது. மணிக்கு 200 கிலோமீட்டர் தொட்டால் பெரிய விஷயம். முன்னால் விமானி, பின்னால் துப்பாக்கிக்காரர். இதை வைத்துக்கொண்டு வடமேற்கு எல்லையில், வஸிரிஸ்தானின் மீரான்ஷாவில் இருந்து பறந்தார்கள். அங்கே 1936 முதல் பழங்குடித் தலைவர் இப்பி ஃபக்கீரின் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பகுதியில் விமானம் பள்ளத்தாக்குக்குள் பறக்கும். பழங்குடி வீரர்கள் மலை உச்சியில் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுடுவார்கள். குறி தப்பாத கைகள். அப்படிப்பட்ட குண்டு ஒன்று மெஹர் சிங்கின் வாப்பிட்டியின் பெட்ரோல் டேங்கைத் துளைத்துவிட்டது. மலைச்சரிவில் எப்படியோ விமானத்தை இறக்கினார். அவரும் பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரர் குலாம் அலியும் பிழைத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் கஷ்டமே. அந்த எல்லையில் பிடிபடுவது என்றால் என்ன என்பது எல்லா விமானிகளுக்கும் தெரியும். உயிரோடு ஒப்படைத்தால் பணம் தருவோம் என்று உள்ளூர் மொழிகளில் எழுதிய கடிதம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் பறப்பார்கள். இவர்கள் இருவரும் அந்தக் கடிதத்துக்கு வேலை வைக்கவில்லை. ஒளிந்திருந்து, இருட்டியதும் நடந்து, ராணுவக் காவல் நிலை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த எல்லைப்புறச் சண்டைகள் யாருக்காக நடந்தன என்று கேட்டால் பேரரசுக்காகத்தான். சொந்த மலையில் இருந்தவர்கள் மேல் இந்திய விமானிகள் குண்டு போட்ட காலம் அது. அதை மறைத்துவிட்டு வீரக் கதை மட்டும் சொல்வது சரியில்லை. ஆனால் மெஹர் சிங்கின் பிற்காலத்தைப் புரிந்துகொள்ள அந்த வருஷங்கள் தேவை. மலைக்குள் காற்று எப்படித் திரும்பும், பள்ளத்தாக்கு எங்கே அடைபட்டு நிற்கும், திரும்ப இடமில்லாத இடத்தில் எப்போதே திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே படித்த பாடம். அதற்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

சரி, முதல் போருக்கு வருவோம். 1942 டிசம்பர் 1 அன்று ஒரு புதிய ஸ்குவாட்ரன் உருவாக்கப்பட்டது. எண் 6. தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங். இடம், நம்ம திருச்சிராப்பள்ளி. இது திருச்சிக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஜப்பான் பர்மாவைப் பிடித்து, வங்காள விரிகுடாவில் கப்பல்களை மூழ்கடித்து, சென்னைவாசிகள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடிய வருஷம் அது. அந்த ஸ்குவாட்ரனுக்குக் கொடுக்கப்பட்டது ஹரிக்கேன் விமானம். 1940இல் லண்டனைக் காப்பாற்றிய பெயர் அதற்கு இருந்தாலும் 1943 வாக்கில் அது பழசு. ஜப்பானியர்களின் கி-43 விமானம் இதைவிட லேசானது, சட்டென்று வளைந்து திரும்பக்கூடியது. நேருக்கு நேர் மோதி வளைய ஆரம்பித்தால் ஹரிக்கேன்காரர் தோற்பார்.

எனவே மோதக் கூடாது. அங்கேதான் மெஹர் சிங் கொடுத்த பயிற்சியின் சாரம் இருக்கிறது. 6ஆவது ஸ்குவாட்ரனின் பணி வேவு. இரண்டு இரண்டு விமானங்களாகப் போவார்கள். முன்னால் போகிறவர் தரையை மட்டும் பார்ப்பார், படம் எடுப்பார். பின்னால் வருகிறவர் தரையைப் பார்க்கவே கூடாது. இடமும் வலமுமாக நெளிந்துகொண்டே முதுகுப்பக்க வானத்தைக் காவல் காப்பார். மரங்களின் உச்சியை உரசும் உயரத்தில் போவார்கள். முன்னவர் தன் முதுகை முழுசாகப் பின்னவரிடம் ஒப்படைத்தால்தான் இந்த முறை வேலை செய்யும். ஜோடியில் ஒருவர் ஒரு நொடி கவனம் சிதறினால் இருவரும் காலி.

1943 நவம்பரில் காக்ஸ் பஜாருக்குப் போனார்கள். எதிரே பர்மாவின் அரக்கான் கடற்கரை. மாயு மலைத்தொடர், அதன் இருபுறமும் காடு, உப்பங்கழிகள். ஜப்பானியர்கள் பகலில் அசையமாட்டார்கள். படகுகளை மாங்குரோவ் மரங்களுக்கு அடியில் சொருகிவிட்டு இரவில் மட்டும் நகர்வார்கள். ஆகவே வேவு விமானி தேடுவது படையையே அல்ல, அதன் தடயத்தை. நேற்று இல்லாத ஒற்றையடிப் பாதை, புதிதாக வெட்டிய மண், எங்கோ மெலிசாகக் கிளம்பும் சமையல் புகை. ஒரே இடத்தைத் தினமும் பார்ப்பவருக்குத்தான் என்ன மாறியிருக்கிறது என்று தெரியும். அதனால் அதே ஆட்களை அதே நிலப்பரப்புக்குத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். அதே பாதையில் திரும்பத் திரும்பப் போனால் எதிரிக்கும் நீங்கள் வருவது தெரிந்துவிடும். வேவு வேலையின் ஆபத்து அதுதான்.

இவர்களுக்கு '14ஆம் படையின் கண்கள்' என்று பெயர் வந்தது. பர்மாவில் ஜப்பானியர்களோடு போரிட்ட அந்தப் பிரிட்டிஷ் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்லிம் பிற்பாடு தன் போர் நினைவுகளில், பழசாகிப்போன ஹரிக்கேன்களில் ஜோடி ஜோடியாக நாள் தவறாமல் போய் வந்த இந்த இந்திய விமானிகளைக் குறிப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார். 1944இல் மெஹர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. கிடைத்தது. இந்திய விமானப்படையில் டி.எஃப்.சி. வாங்கியவர்கள் இருபது பேருக்கு மேல் உண்டு. டி.எஸ்.ஓ. அவர் ஒருவருக்குத்தான். தனி ஆளின் பறக்கும் துணிச்சலுக்கு டி.எஃப்.சி.; போர்க்களத்தில் ஒரு பிரிவை நடத்திய விதத்துக்கு டி.எஸ்.ஓ. அந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

சுட்டு வீழ்த்திய கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். இரண்டாம் உலகப் போர் முழுவதிலும் இந்திய விமானப்படை சுட்டு வீழ்த்தியதாக உறுதி செய்யப்பட்ட எதிரி விமானம் ஒன்றே ஒன்று. 1944 பிப்ரவரி 15, ஒரு கி-43. வீழ்த்தியவர் ஜெகதீஷ் சந்திர வர்மா, இதே 6ஆவது ஸ்குவாட்ரனின் இளம் விமானி. தலைவர் கணக்கில் பூஜ்யம், அவர் வளர்த்த பையன் கணக்கில் ஒன்று.

அந்த பிப்ரவரி மாதம் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். ஜப்பானியர்கள் சுற்றி வளைத்து 7ஆவது இந்திய டிவிஷனைப் பின்புறம் வெட்டிவிட்டார்கள். அதுவரை பர்மாவில் வழி அடைபட்டால் பின்வாங்குவதுதான் வழக்கம். இந்த முறை பின்வாங்கவில்லை. சின்ஸ்வேயா என்ற இடத்தில் 'அட்மின் பாக்ஸ்' என்று ஒரு வட்டத்துக்குள் நின்று சண்டை போட்டார்கள். சோறும் தோட்டாவும் டகோட்டா விமானங்களில் இருந்து பாராசூட்டில் இறங்கின. முதல் முயற்சியில் விமானங்கள் திரும்பி வர வேண்டியதானபோது, அந்தப் போக்குவரத்துப் பிரிவின் அமெரிக்கத் தளபதி வில்லியம் ஓல்ட் தானே ஒரு விமானத்தை ஓட்டிக்கொண்டு முன்னால் போனார். சுமார் மூன்று வாரத்தில் முற்றுகை உடைந்தது. வானத்தில் இருந்து ஊட்டினால், சுற்றி வளைக்கப்பட்ட படை தோற்ற படை அல்ல என்று அங்கே நிரூபணமானது. மெஹர் சிங்கின் ஹரிக்கேன்கள் அதே வானத்தில்தான் பறந்துகொண்டிருந்தன. காஷ்மீரின் பூஞ்ச் முற்றுகைக் கதையை (கீழே வருகிறது) படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று வாரம்தான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் ஊகம். ஆனால் காரணமில்லாத ஊகமல்ல.

1947. நாடு பிரிந்தபோது விமானப்படையும் பிரிந்தது. பெஷாவர், ரிசால்பூர், ட்ரிக் ரோடு போன்ற நிரந்தரத் தளங்கள் அந்தப் பக்கம் போயின. மெஹர் சிங்கின் லயால்பூரும் போனது. அவர் திருச்சியில் உருவாக்கிய 6ஆவது ஸ்குவாட்ரனும் போனது! அதற்குள் அது டகோட்டா போக்குவரத்து ஸ்குவாட்ரனாக மாறிக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் விமானப்படையின் எண் 6 ஆகி, அதே காஷ்மீர்ப் போரில் எதிர்த் தரப்பின் மலைக் காவல் நிலைகளுக்குச் சரக்கு கொண்டுபோனது. இந்தப் பக்கம் மிஞ்சியது ஒரே ஒரு போக்குவரத்து ஸ்குவாட்ரன், ஆக்ராவின் 12ஆவது.

1947 அக்டோபர் 27 காலை டெல்லியில் இருந்து டகோட்டாக்கள் முதலாவது சீக்கியப் பட்டாலியனை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியது பலருக்குத் தெரிந்த கதை. 12ஆவது ஸ்குவாட்ரன் மட்டும் போதாமல் தனியார் விமான நிறுவனங்களின் டகோட்டாக்களையும் அவற்றின் விமானிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்ரீநகர் தப்பியது. ஆனால் குளிர்காலம் வந்து பனிஹால் கணவாய் பனியில் மூடிவிட்டால் தரைவழி கிடையாது. காஷ்மீர்ப் போர் முழுக்கவே ஒரு போக்குவரத்துப் பிரச்சினை என்று சொன்னால் மிகையில்லை. அந்தப் பிரச்சினையை மெஹர் சிங் கையில் கொடுத்தார்கள். ஏர் கமடோர் பதவியில், ஜம்மு காஷ்மீருக்கான முதலாவது ஆபரேஷனல் குரூப்பின் தளபதி. வயது 32.

பூஞ்ச் நிலைமை இது. உதவிக்குப் போன படையின் ஒரு பகுதிதான் ஊருக்குள் நுழைந்தது. நடுவே இருந்த பாலம் ஒன்று சொந்த ஆட்களாலேயே தவறுதலாக எரிக்கப்பட்டு, மிச்சப் படை உரிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. சுற்றிலும் குன்றுகளில் எதிரி. உள்ளே பிரீதம் சிங் தலைமையில் காவல் படையும், சுற்றுவட்டாரத்தில் இருந்து ஓடிவந்து அடைக்கலம் புகுந்த பல்லாயிரக்கணக்கான அகதிகளும். அகதிகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு ஓடுதளம் போட்டார்கள். ஓடுதளம் என்றால் தார் போட்டதல்ல, சமப்படுத்திய மண். மூன்று பக்கம் ஓடைகள், எந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும் செங்குத்தான இறக்கம், இறங்கியதும் நிற்க இடம் கொஞ்சம்தான்.

1947 டிசம்பரில் அதில் முதல் டகோட்டாவை இறக்கியவர் மெஹர் சிங். அதில் பயணியாகப் போனவர் சுப்ரோதோ முகர்ஜி. ஒரு குரூப்பின் தளபதி அலுவலகத்தில் உட்கார்ந்து யாராவது ஒரு ஃபிளைட் லெப்டினன்டை அனுப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதுமட்டுமல்ல, அவர் டகோட்டா ஓட்டிப் பழுத்தவரும் அல்ல. ஒற்றை இன்ஜின் விமானங்களில் வளர்ந்தவர். இருந்தும் தானே போனார். பின்னால் விமானப்படையின் மூத்த அதிகாரியை உட்கார வைத்துக்கொண்டு போனார். இதை வெறும் துணிச்சல் என்று நான் பார்க்கவில்லை. "அங்கே இறங்க முடியாது" என்ற வாதத்தை ஒரே நாளில் முடித்துவைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. தளபதி இறங்கிய இடத்தில் இறங்க மாட்டேன் என்று எந்த விமானி சொல்வான்?

அதன் பிறகு நடந்தது அசுர உழைப்பு. மாவு, உப்பு, மருந்து, தோட்டா உள்ளே. காயம்பட்டவர்களும் அகதிகளும் வெளியே. முதலில் மலைப் பீரங்கிகள் போயின. 1948 மார்ச் வாக்கில் எதிரியின் பீரங்கி ஓடுதளத்தையே அடிக்க ஆரம்பித்ததும், பதிலுக்கு 25 பவுண்டர் பீரங்கிகள் தேவைப்பட்டன. ஒன்றின் எடை 1,600 கிலோவுக்கு மேல். டகோட்டாவின் பக்கவாட்டுக் கதவு வழியாக அதை இறக்க வேண்டும், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே. பகலில் தாங்காது என்று இரவிலும் இறங்கினார்கள். விளக்கு வரிசை, ரேடியோ வழிகாட்டி எதுவும் இல்லை. எண்ணெய் விளக்குகளைத் தரையில் வைத்து ஓரத்தைக் காட்டினார்கள், அவ்வளவுதான். பூஞ்ச் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தது. 1948 நவம்பர் 20 வாக்கில்தான் தரைப்படை வந்து இணைந்தது. அரக்கானில் மூன்று வாரம் செய்ததை இங்கே ஒரு வருஷம் செய்தார்கள்.

இனி லடாக்கின் லே. மெஹர் சிங் பெயரைச் சொன்னால் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது.

1948 வசந்தத்தில் ஸ்கர்டு முற்றுகையில், கார்கில் கைநழுவிப் போகும் நிலையில், லே நகரத்தைக் காக்க ஒரு கைப்பிடி ஆட்கள்தான். மேஜர் பிரிதி சந்த் தலைமையில் டோக்ரா வீரர்கள் சிலர் கடும் பனியில் சோஜி லாவை நடந்தே கடந்து அங்கே போயிருந்தார்கள். அவர்களோடு போன பொறியாளர் சோனம் நோர்பு, உள்ளூர் மக்களை வைத்துச் சிந்து நதிக்கரை மணலில் ஓர் ஓடுதளம் தயார் செய்தார். ஸ்ரீநகர் டிவிஷனுக்கு மே மாதம் தலைமையேற்ற மேஜர் ஜெனரல் திம்மையாவுக்கு லேயில் படை வேண்டும். நடந்து போனால் காலம் கடந்துவிடும். மெஹர் சிங்கிடம் கேட்டார். அவர் சரி என்றார்; ஆனால் ஜெனரலும் முதல் விமானத்தில் கூட வர வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். எப்படியோ, 1948 மே 24 அன்று லேயில் இறங்கிய முதல் விமானத்தில் திம்மையா இருந்தார்.

இன்று ஸ்ரீநகரில் இருந்து லேவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம், ஜன்னல் ஓரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறோம். அன்றைக்கு அது ஏன் பைத்தியக்காரத்தனம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

லே தளம் கடல் மட்டத்தில் இருந்து 10,500 அடிக்கும் மேலே. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் சுமார் 70 சதவீதம். இறக்கைக்குப் பிடிமானம் கொடுப்பது காற்றுதான். அது குறைந்தால் அதே எடையைத் தாங்க அதிக வேகம் வேண்டும். வேகமானி வழக்கமான எண்ணைத்தான் காட்டும், ஆனால் தரையைப் பொறுத்தவரை விமானம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். கீழே மணல். இறங்குவது இப்படி என்றால் கிளம்புவது இன்னும் மோசம். இன்ஜினும் காற்றைத்தான் தின்கிறது. அதன் சக்தியும் குறையும், ஓட வேண்டிய தூரமும் கூடும்.

அங்கே போய்ச் சேர்வது தனிக் கதை. சோஜி லா 11,500 அடி, ஃபோட்டு லா 13,400 அடி என்று கணவாய்களின் உயரத்தை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. கணவாயின் இருபுறமும் இருப்பதுதான் பிரச்சினை. கார்கிலுக்குத் தெற்கே நிற்கும் நுன் சிகரம் 7,135 மீட்டர், அதாவது 23,400 அடி. டகோட்டாவின் உச்ச உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான். அழுத்தம் ஏற்றாத கேபின், பனி படிந்தால் உதறித் தள்ளும் கருவி இல்லாத இறக்கைகள், நம்பத்தக்க வரைபடம் இல்லாத நிலம், போய்ச் சேரும் இடத்தில் வானிலை சொல்ல ஆளில்லை. சுமையோடு போகும்போது ஒரு இன்ஜின் நின்றுவிட்டால் மற்றதை வைத்துக்கொண்டு அந்த மலைகளுக்கு மேல் நிற்க டகோட்டாவால் முடியாது. அவசரமாக இறங்க வழியில் ஒரு சமதரையும் கிடையாது. திரும்பலாம் என்றால், பள்ளத்தாக்கின் அகலம் போதுமா என்பதை உள்ளே போன பிறகுதான் பார்க்க முடியும். வஸிரிஸ்தான் பாடம் என்று மேலே சொன்னேனே, அது இங்கே பயன்பட்டது.

இறங்கினார். அதற்கடுத்த நாட்களில் மற்ற டகோட்டாக்கள் கூர்க்கா வீரர்களைக் கொண்டுவந்து இறக்கின. ஸ்கர்டு அந்த ஆகஸ்டில் வீழ்ந்தது, லே வீழவில்லை. இன்று லடாக் இந்திய வரைபடத்தில் இருப்பதற்கு ஒரே காரணம் இந்த விமானம்தான் என்று சிலர் எழுதுவார்கள். அது கொஞ்சம் அதிகம். நடந்து போன டோக்ராக்களும், மணலைச் சமப்படுத்திய லடாக்கிகளும், அந்த நவம்பரில் சோஜி லாவுக்கு டாங்கிகளை ஏற்றியவர்களும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் மே மாதத்தில் அந்த ஓடுதளத்தை வேறு யாரும் இவ்வளவு சீக்கிரம் திறந்திருக்க மாட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதற்கிடையில் இன்னொரு வேலையும் செய்தார். இந்தியாவிடம் குண்டுவீச்சு விமானம் கிடையாது. சரி, டகோட்டாவையே வைத்துக்கொள்வோம் என்று, கதவைக் கழற்றிவிட்டு உள்ளே குண்டுகளை அடுக்கி, இலக்குக்கு மேலே போனதும் ஆட்கள் தள்ளி உருட்டிவிட்டார்கள். கல்யாண வீட்டு மாடியில் இருந்து மூட்டை இறக்குகிற மாதிரியான ஏற்பாடு. துல்லியமாக விழுமா என்று கேட்கக் கூடாது. ஆனால் மலைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறோம் என்று நினைத்தவர்களின் தூக்கம் போனது. கைவசம் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் இந்தப் புத்தி அந்தத் தலைமுறையிடம் பொதுவாகவே இருந்தது. 1942இல் முதலாவது ஸ்குவாட்ரனின் மஜும்தார் வேவு பார்க்கும் லைசாண்டரில் குண்டுகளைப் பொருத்திக்கொண்டு ஜப்பானியத் தளத்தைத் தாக்கப் போனவர். பிறகு கான்பூரில் குப்பையாகக் கிடந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை சரிசெய்து கொடுத்து, 1948 நவம்பரில் முறையான குண்டுவீச்சு ஸ்குவாட்ரன் வந்தது.

அது வந்தபோது மெஹர் சிங் விமானப்படையில் இல்லை. 1948 செப்டம்பர் 27 அன்று விலகிவிட்டார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 33 வயதில். மேலதிகாரிகளோடு ஒத்துப்போகவில்லை. அன்றைய விமானப்படைத் தலைமை ஆங்கிலேயரிடம், ஏர் மார்ஷல் எல்ம்ஹர்ஸ்டிடம், இருந்தது. இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார 1954 ஆகும். தளத்தில் இருந்துகொண்டு தன்னிச்சையாக முடிவெடுக்கும் தளபதிக்கும், கணக்கும் ஒழுங்கும் பார்க்கும் தலைமையகத்துக்கும் இடையே உரசல் வருவது எந்தப் படையிலும் நடப்பதுதான். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்திருக்கும். ஆனால் தானே முதலில் போகும் பழக்கம் உள்ளவர்கள் பொதுவாக ஃபைலுக்குக் காத்திருக்கும் ரகம் அல்ல. இருந்திருந்தால் எங்கே போயிருப்பார் என்று யோசிக்கத்தான் முடியும். முகர்ஜிக்குப் பின் தலைமைக்கு வந்திருக்கக்கூடியவர்களில் ஒருவர் என்று சொன்னால் தவறாகாது.

மகா வீர் சக்ரா பற்றியும் ஒரு விஷயம். பரம் வீர், மகா வீர், வீர் சக்ரா மூன்றும் முறைப்படி நிறுவப்பட்டதே 1950 ஜனவரி 26 அன்றுதான், 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்ற ஏற்பாட்டோடு. ஆக, அந்தப் பதக்கம் உருவானபோதே அவர் சீருடையைக் கழற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பிறகு பாட்டியாலா மகாராஜா யாதவீந்திர சிங்கின் ஆலோசகராக இருந்தார். பறப்பதை மட்டும் விடவில்லை. 1952 மார்ச்சில் ஜம்முவில் இருந்து டெல்லிக்குச் சின்ன பீச்கிராஃப்ட் போனான்சா விமானம் ஒன்றை ஓட்டிக்கொண்டு வரும்போது, டெல்லி அருகே புயலில் சிக்கி விபத்தில் இறந்தார். 37 வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன.

அவர் தொடங்கிவைத்தது லேயோடு நிற்கவில்லை. 1962இல் ஸ்குவாட்ரன் லீடர் ராஜே லடாக்கின் 16,600 அடி உயர தௌலத் பேக் ஓல்டியில் பேக்கெட் விமானத்தை இறக்கினார், 2008இல் ஏ.என்-32, 2013இல் சி-130ஜே அங்கே இறங்கின. பாகிஸ்தானுக்குப் போன 6ஆம் எண் 1951இல் இந்தப் பக்கம் லிபரேட்டர்களோடு மீண்டும் உயிர்பெற்று, பிற்பாடு ஜாகுவாருக்கு மாறியது. 2018இல் விமானப்படை, பேரிடர் நிவாரணத்துக்கான டிரோன் கூட்டங்களை உருவாக்கும் போட்டி ஒன்றை அறிவித்து அதற்கு மெஹர் பாபா என்று பெயர் வைத்தது. அடைபட்ட இடத்துக்கு வானத்தில் இருந்து சரக்கு கொண்டுபோகும் வேலைக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவருக்கு வரலாறு தெரிந்திருக்கிறது.

இரண்டு போர்களில் பதக்கம் வாங்கிய விமானப்படைக்காரர்களைத் தேடித்தான் நீங்கள் இந்தக் கேள்விக்கு வந்திருந்தால், அடுத்து பார்க்க வேண்டியவர்கள் இருவர். மகா வீர் சக்ராவை இரண்டு முறை வாங்கியவர்கள் இந்தியாவில் ஆறு பேர்தான். அதில் விமானப்படையினர் ஜக் மோகன் நாத், 1962க்கும் 1965க்கும். பத்மநாப கௌதம், 1965க்கும் 1971க்கும். கௌதம் குண்டுவீச்சு விமானி. நாத் திபெத்தின் மேலும் பாகிஸ்தானின் மேலும் துப்பாக்கியே இல்லாத கான்பெரா விமானத்தில் கேமராவோடு மட்டும் பறந்தவர், அவர் கணக்கிலும் சுட்டு வீழ்த்தியது பூஜ்யம்தான்.